ஐஸ் கம்பெனி கம்ப்ரசரில் லேசர் அதிர்வு அளவீடு: 8 ஹெர்ட்ஸ் உச்சம் ஏன் ஏறி இறங்குகிறது?

கரையோரம் | மே 9, இரவு 9:12

அனைவருக்கும் வணக்கம். மண்டபம் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆய்வகப் பயிற்றுநராக இருக்கிறேன். மூடப்பட்ட ஒரு சோதனைக்கூடத்தின் பொருட்களை விற்றபோது ஒற்றைப் புள்ளி லேசர் அதிர்வுமானி ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. ஹீலியம்-நியான் லேசர், 632.8 நானோமீட்டர் சிவப்பு ஒளி. வேகத்தை மின்னழுத்தமாகத் தருகிறது. முன்பக்கப் பொத்தானால் வீச்சை மாற்றலாம்; வினாடிக்கு 25 மி.மீ. வேகத்துக்கு 1 வோல்ட் என்ற வீச்சில் வைத்திருக்கிறேன். அதிலிருந்து 16 பிட் யூ.எஸ்.பி. தரவுப் பெட்டி, பிறகு மடிக்கணினி, நான் எழுதிய பைத்தான் நிரல்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில் நிற்கும் இந்த 61 நாட்களில்தான் ஐஸ் கம்பெனிகளில் இயந்திரங்களைப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைக்கும். நாட்டுப்படகுகளுக்காக ஒரு கம்ப்ரசர் மட்டும் ஓடுகிறது. எங்கள் மாணவர் ஒருவரின் உறவினர் நடத்தும் கம்பெனியில் அதை அளந்து பார்க்க அனுமதி தந்திருக்கிறார்கள். ஜூன் 15 அன்று படகுகள் கிளம்பும் நேரத்தில் அந்த இயந்திரம் நின்றுவிடக் கூடாது. அதற்காகத்தான் இத்தனை பாடு.

அம்மோனியா கம்ப்ரசர். 4 துருவ மோட்டார், நிமிடத்துக்கு 1,440 சுற்று. மோட்டார் புல்லியின் விட்டம் 25 செ.மீ., கம்ப்ரசர் புல்லி 75 செ.மீ., மையத்துக்கு மையம் ஏறத்தாழ 1.6 மீட்டர், நான்கு வி-பெல்ட்டுகள். ஆக, மோட்டார் 24 ஹெர்ட்ஸ், கம்ப்ரசர் 8 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 1,200 மாதிரிகள் எடுத்து, ஒவ்வொரு வினாடித் துண்டுக்கும் எஃப்.எஃப்.டி. (எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு) போடுகிறேன்.

கம்ப்ரசர் பேரிங் கூட்டின் மேல் ஒளியை வைத்தால் 8 ஹெர்ட்ஸ் உச்சம் நிலையாக நிற்பதில்லை. வினாடிக்கு 1.5 மி.மீ. வேகத்திலிருந்து 4.5 வரை ஏறி, மறுபடி இறங்குகிறது. ஏறத்தாழ 6 வினாடிக்கு ஒருமுறை, யாரோ மூச்சு விடுவதைப் போல. மதியத்துக்குப் பிறகு 11 ஹெர்ட்ஸில் புதிதாக ஓர் உச்சம் முளைக்கிறது. காலையில் அது கிடையாது. 400 ஹெர்ட்ஸில் ஊசி போல ஒரு கோடு நாள் முழுவதும் நிற்கிறது; இயந்திரத்தின் எந்தப் பாகத்தோடும் அது பொருந்தவில்லை. மோட்டார் தண்டின் முனையில் ஒளியை வைத்துப் பார்த்தேன்: 24, 48, 72, 96 என்று சீப்பின் பற்களைப் போல வரிசையாக வருகின்றன. தண்டு வளைந்திருக்கிறதா?

மூன்று வாரமாக இதோடு இருக்கிறேன். வழி சொல்லுங்கள்.

முடுக்கமானி | மே 9, இரவு 10:05

தூத்துக்குடியில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். நேராகக் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். இதற்கு லேசர் எதற்கு? பேரிங் கூட்டில் காந்தத்தோடு ஒரு முடுக்கமானியை ஒட்டினால் வேலை முடிந்தது. உப்புக் காற்றும் அம்மோனியாவும் உள்ள அறையில் ஒளியியல் கருவியை வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

அலைப்பதிவு | மே 10, காலை 6:30

கரையோரம் தம்பி, உங்கள் நான்கு கேள்விகளும் நான்கு வேறு நோய்கள். எளிதானதிலிருந்து தொடங்குகிறேன்.

தண்டு வளையவில்லை. குறைந்தபட்சம், அந்த அளவீடு அப்படிச் சொல்லவில்லை. லேசர் ஒளி சொரசொரப்பான பரப்பில் பட்டுத் திரும்பும்போது கருப்பும் வெளிச்சமுமாகப் புள்ளிக்கோலம் ஒன்று உண்டாகிறது. பரப்பு சுற்றும்போது அந்தக் கோலமும் ஓடுகிறது. ஒரு சுற்று முடிந்ததும் அதே பரப்பு, அதே கோலம் திரும்ப வருகிறது. ஆகவே அதனால் எழும் இரைச்சலும் சுற்றுக்கு ஒருமுறை அச்சுப் பிசகாமல் திரும்பி வந்து, 24-இன் மடங்குகளில் எல்லாம் உச்சமாகத் தெரியும். அது அதிர்வே இல்லை. அதிர்வின் வேடம் மட்டுமே. இரைச்சல் என்றால் சிதறிக் கிடக்கும் என்று நாம் பழகியிருப்பதால், இவ்வளவு ஒழுங்காக வரும் இரைச்சலை நம்பிவிடுகிறோம். சுற்றும் பரப்பை விட்டு, சுற்றாத பேரிங் கூட்டுக்கு ஒளியைக் கொண்டு வாருங்கள்.

400 ஹெர்ட்ஸுக்கு ஒரு சோதனை. மாதிரி வீதத்தை 1,500 ஆக்கி, அந்தக் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். உண்மையான அதிர்வு என்றால் 400-லேயே நிற்கும். உங்கள் அதிர்வுமானியின் வெளியீட்டுப் பட்டை எவ்வளவு? இடையில் வடிகட்டி ஏதாவது போட்டிருக்கிறீர்களா?

கரையோரம் | மே 10, மாலை 7:48

ஐயா, 1,500-இல் எடுத்தேன். கோடு 500 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிட்டது! அதிர்வுமானி 20 கிலோ ஹெர்ட்ஸ் வரை தரும். இடையில் வடிகட்டி எதுவும் இல்லை.

அலைப்பதிவு | மே 10, இரவு 8:20

அப்படியானால் அது போலி அதிர்வெண். வினாடிக்கு 1,200 மாதிரி எடுத்தால் 600 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள எதையும் கணினியால் அதன் சொந்த இடத்தில் காட்ட முடியாது. மடித்துக் கீழே இறக்கிவிடும். மேலே எங்கே இருந்தது என்பதை இப்போது கணக்கிட்டுக் கண்டுபிடிக்கலாம். 1,200-இல் 400, 1,500-இல் 500 என்று இரண்டுக்கும் பொருந்துபவை 2,000, 4,000, 8,000, 10,000 என்று பல. மூன்றாவது வீதம் ஒன்று வேண்டும். 1,700-இல் எடுங்கள். 300-இல் வந்தால் மூலம் 2,000. 600-இல் வந்தால் 4,000.

கரையோரம் | மே 11, பகல் 1:15

600-இல் வந்தது. 4,000 ஹெர்ட்ஸ். உப்புநீர்த் தொட்டியில் உள்ள கலக்கியின் மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று சுவரில் இருக்கிறது. அதன் உள்ளே மின்சாரத்தை விடாமல் திறந்து மூடும் நிலைமாற்றி 4 கிலோ ஹெர்ட்ஸ் என்று அமைக்கப்பட்டிருப்பதைத் திரையிலேயே பார்த்தேன். என் கம்பி அந்தப் பெட்டிக்கு அடியில்தான் 8 மீட்டர் ஓடுகிறது.

கம்ப்ரசரில் இல்லாத ஒன்றை, வேறு சுவரில் இருக்கும் பெட்டியிலிருந்து வந்த ஒன்றை, கம்ப்ரசரின் நோய் என்று எழுதிக் கொடுக்க இருந்தேன். நினைக்கவே கலக்கமாக இருக்கிறது.

நிரலி | மே 11, இரவு 9:30

தொண்டியைச் சேர்ந்தவள், இப்போது வேலை வேறு ஊரில். இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அண்ணா, கம்பியை இடம் மாற்றுங்கள், மேலே நல்ல உறையுள்ள கம்பி போடுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். தரவுப் பெட்டிக்கு முன்னால் மின்சுற்றாகவே, உயர்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் ஒரு தாழ்பட்டை வடிகட்டி வேண்டும். மாதிரி எடுத்த பிறகு நிரலில் போடும் வடிகட்டி இதற்குப் பயன்படாது. மடிந்து விழுந்தது விழுந்ததுதான், பிரித்தெடுக்க வழியே இல்லை. வடிகட்டி உடனே கிடைக்காவிட்டால், பெட்டி அனுமதிக்கும் மிக உயர்ந்த வீதத்தில், 48,000 என்றால் 48,000-இல் எடுத்து, பிறகு கணினியில் வடிகட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். அதிர்வுமானி 20 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் தராது என்பதால் அதன் பக்கத்திலிருந்து மடிய எதுவும் இருக்காது. கம்பி வழியாக வரும் இன்னும் உயர்ந்த இரைச்சலுக்கு இதுவும் முழுக் காவல் இல்லை.

இன்னொன்றைக் கேட்க வேண்டும். மாதிரிகளை எப்படி வாங்குகிறீர்கள்? ஒரு சுழலில் ஒன்று ஒன்றாகப் படித்து, இடையில் சிறிது உறங்கவிட்டு, அடுத்ததைப் படிப்பதாக இருந்தால் உங்கள் நேர அச்சை நம்ப முடியாது. மடிக்கணினியின் இயங்குதளம் நடுவில் வேறு வேலைக்குப் போகும். சில மில்லி வினாடி கழித்துத் திரும்பும். மாதிரி எடுக்கும் துடிப்பு தரவுப் பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்திலிருந்து வர வேண்டும். நிரலின் வேலை, நிறைந்த வாளிகளைத் தூக்கிச் சென்று கொட்டுவது மட்டும். வாளி வழிந்தால் பெட்டி எச்சரிக்கை தரும்; பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. தயவுசெய்து அதைப் பிடித்துக் கோப்பில் பதியுங்கள். நடுவில் மாதிரிகள் தொலைந்த பதிவில் எஃப்.எஃப்.டி. போட்டால், தொலைந்த இடத்தின் வெட்டு எல்லா அதிர்வெண்களிலும் கறையாகப் பரவும்.

இடம் பற்றிய கவலை வேண்டாம். வினாடிக்கு 20,000 மாதிரி, இரண்டு வழி (தரவுப் பெட்டியின் இரண்டு உள்ளீடுகள்), ஒவ்வொரு மாதிரியும் 2 பைட் என்றால் நிமிடத்துக்கு 4.8 மெகாபைட். ஒரு நாள் முழுவதும் விடாமல் பதிந்தாலும் 7 கிகாபைட்டுக்குள் அடங்கும். ஆகவே மூலத் தரவை அப்படியே வைத்திருங்கள். எஃப்.எஃப்.டி. படத்தை மட்டும் சேமித்துவிட்டு மூலத்தை அழிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. எனக்கு அது மனதைப் பிசைகிறது.

கரையோரம் | மே 11, இரவு 10:10

நிரலி, நீங்கள் சொன்ன சுழல்தான் என்னிடம் இருந்தது. இன்றிரவே மாற்றுகிறேன்.

பழைய பிட்டர் | மே 12, காலை 5:50

ராமேஸ்வரத்தில் ஐஸ் கம்பெனிகளில் 31 வருடம் பிட்டராக இருந்தேன். பேரன் படித்துக் காட்டினான். தம்பி, 6 வினாடிக்கு ஒருமுறை மூச்சு விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். திருப்புளியின் முனையைப் பேரிங்கில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால் ஏறும், இறங்கும். பெல்ட்டைப் பாருங்கள். நான்கில் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

முடுக்கமானி | மே 12, காலை 9:00

பிட்டர் ஐயா சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் பெல்ட் சுற்றும் அதிர்வெண் புல்லியின் அதிர்வெண்ணைவிட எப்போதும் குறைவு. 8 ஹெர்ட்ஸில் எப்படி வரும்?

அலைப்பதிவு | மே 12, காலை 11:25

வரும். கரையோரம் தம்பி அளவுகளையெல்லாம் முதல் பதிவிலேயே கொடுத்துவிட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

25 செ.மீ. புல்லி வினாடிக்கு 24 சுற்று சுற்றினால் பெல்ட்டின் வேகம் வினாடிக்கு 18.85 மீட்டர். இரண்டு விட்டங்களையும் மையத் தொலைவையும் வைத்துப் பார்த்தால் பெல்ட்டின் முழு நீளம் ஏறத்தாழ 4.81 மீட்டர். ஆகவே பெல்ட் தன்னைத்தானே ஒருமுறை சுற்றி வருவது வினாடிக்கு 3.92 தடவை. பெல்ட்டில் ஓர் இடம் தடித்தோ இறுகியோ இருந்தால், அந்த இடம் ஒரு சுற்றில் இரண்டு புல்லிகள் மேலும் ஏறி இறங்குகிறது. இரண்டு இடி. அதனால் 3.92-இன் இரட்டிப்பு வலுவாகத் தெரியும்: 7.84 ஹெர்ட்ஸ்.

கம்ப்ரசர் 8.00, பெல்ட் 7.84. வித்தியாசம் 0.16 ஹெர்ட்ஸ். அதாவது 6.2 வினாடிக்கு ஒரு விம்மல். பிட்டர் ஐயாவின் காது சரியாகக் கேட்டிருக்கிறது.

ஏன் கணினி இதைக் காட்டவில்லை? 1 வினாடித் துண்டு என்றால் 1 ஹெர்ட்ஸ் அகலமுள்ள பெட்டிகளில் பிரித்துப் போடுகிறீர்கள். 7.84-உம் 8.00-உம் ஒரே பெட்டியில் விழுந்து, சில நேரம் கைகோத்தும் சில நேரம் எதிர்த்தும் நிற்கின்றன. அவற்றைப் பிரிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம், பொறுமை போதும். 60 வினாடி தொடர்ச்சியாக ஒரே துண்டாக எடுத்து, துண்டின் இரு முனைகளையும் மெல்லத் தணிக்கும் ஹான் சாளரம் போட்டு எஃப்.எஃப்.டி. செய்யுங்கள். பெட்டியின் அகலம் 0.017 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மின்னழுத்தம் ஏறி இறங்கினால் மோட்டாரின் வேகமும் ஆடும், உச்சங்கள் அகலும். மோட்டார் புல்லியில் ஒளி திருப்பும் பட்டையை ஒட்டி, ஓர் ஒளியுணரியால் சுற்றுத் துடிப்பை இரண்டாம் வழியில் பதிந்துகொண்டால், நேரத்துக்குப் பதிலாகச் சுற்றுக்கோணத்தை அச்சாக வைத்துத் திருத்தலாம்.

இன்னொரு எச்சரிக்கை. இயந்திரப் பொது அதிர்வுக்கான ஐ.எஸ்.ஓ. அளவுகோலில் 10 முதல் 1,000 ஹெர்ட்ஸ் என்ற பட்டையைப் பார்த்துப் பலர் கண்ணை மூடிக்கொண்டு 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் மேல்பட்டை வடிகட்டி போட்டுவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 600 சுற்றுக்குக் குறைவான இயந்திரத்துக்குக் கீழ் எல்லை 2 ஹெர்ட்ஸ். உங்கள் கம்ப்ரசர் 480 சுற்று. அந்த வடிகட்டி போட்டிருந்தால் நாம் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு உச்சங்களும் மங்கிப் போயிருக்கும்.

பாம்பன்காற்று | மே 12, மாலை 4:40

மூன்றாம் ஆண்டு மாணவன். ஆர்டுயினோவும் ஒலி அட்டையும் என்னிடம் இருக்கின்றன. தரவுப் பெட்டிக்குப் பதில் இவை போதுமா? அதோடு, இதே லேசரைக் கரையிலிருந்து புதிய பாம்பன் பாலத்தின் மேல் அடித்தால் ரயில் போகும்போது பாலம் ஆடுவதை அளக்க முடியுமா?

நிரலி | மே 12, இரவு 8:55

தம்பி, ஆர்டுயினோ ஊனோவில் 10 பிட். அதிர்வுமானி வெளியீட்டின் 20 வோல்ட் அகலத்தை அதன் 5 வோல்ட்டுக்குள் சுருக்கி அடக்கினால் ஒரு படி ஏறத்தாழ 20 மில்லிவோல்ட். அண்ணனின் வீச்சில் அது வினாடிக்கு அரை மி.மீ. வேகம். நாம் தேடும் நுணுக்கம் அந்த ஒரு படிக்குள்ளேயே ஒளிந்துவிடும். 16 பிட் பெட்டியில் ஒரு படி 0.008 மி.மீ. கூட இல்லை. ஒலி அட்டை பிட் கணக்கில் நல்லதுதான். ஆனால் அதன் உள்ளீட்டில் உள்ள மின்தேக்கி மெதுவான அதிர்வுகளை வெட்டிவிடும். மனிதக் காதுக்காகச் செய்யப்பட்ட பொருள் அது. 4 ஹெர்ட்ஸில் அது சொல்லும் அளவை நம்பாதீர்கள். 200 ஹெர்ட்ஸுக்கு மேலே பழகிக்கொள்வதற்கு நல்ல கருவி.

அலைப்பதிவு | மே 12, இரவு 9:40

பாலத்தைப் பற்றி: அனுமதி இல்லாமல் வேண்டவே வேண்டாம். கண்ணில் படும் ஆபத்து ஒன்று, ரயில்வேயின் பாதுகாப்பு இன்னொன்று. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 18.3 மீட்டர் நீளக் கண்கள் (தூணுக்குத் தூண் உள்ள பகுதிகள்) 99, நடுவில் மேலே தூக்கும் 72.5 மீட்டர் கண் ஒன்று. இப்படிப்பட்ட நீளக் கட்டமைப்புகள் சில ஹெர்ட்ஸிலேயே ஆடும். தொலைவிலிருந்து தொடாமல் அளக்க லேசர் உலகெங்கும் பயன்படுகிறது. 1914-இல் திறந்த பழைய பாலத்திலும் அளவீடும் கட்டுப்பாடும் இணைந்த ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது: காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் காற்றுமானி கொடுக்கும் செய்தியில் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் நிற்கும். ஓர் உணரி, ஓர் எல்லை, ஒரு செயல். கரையோரம் தம்பி கட்டும் அமைப்பும் ஒருநாள் அப்படிக் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லும் நிலைக்கு வரலாம். அதற்கு முன் அதன் ஒவ்வொரு உச்சத்தையும் நாம் விசாரித்துவிட வேண்டும்.

கரையோரம் | மே 15, இரவு 10:30

60 வினாடிப் பதிவு எடுத்தேன். இரண்டாகப் பிரிந்துவிட்டது! 8.00 ஹெர்ட்ஸில் 3.0, 7.84-இல் 1.5. கூட்டினால் 4.5, கழித்தால் 1.5. நான் மூன்று வாரமாகப் பார்த்த ஏற்றமும் இறக்கமும் அச்சாக அதுதான். 3.92-இலும் சிறிய உச்சம் ஒன்று இருக்கிறது. முன்பு அதை இரைச்சல் என்று விட்டுவிட்டேன். இரவு தூக்கம் வரவில்லை.

பிட்டர் ஐயா, கேட்டுப் பார்த்தேன். பொங்கலுக்கு முன்னால் ஒரு பெல்ட் அறுந்து, அதை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

மதியம் வரும் 11 ஹெர்ட்ஸ் மட்டும் இன்னும் புரியவில்லை.

அலைப்பதிவு | மே 16, காலை 6:15

முக்காலியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கரையோரம் | மே 16, காலை 7:02

மேற்குப் பக்க வாசலுக்கு உள்ளே. அம்மோனியா வாடை இல்லாமல் காற்றோட்டமாக இருக்கும் என்று.

அலைப்பதிவு | மே 16, காலை 7:20

இந்த மாதத்தில் மதியத்துக்கு மேல் அந்த வாசல் வழியாக எது வரும் என்று உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று முக்காலியைத் தட்டுகிறது. முக்காலி தன் சொந்த அதிர்வெண்ணில் ஆடுகிறது. லேசருக்குத் தெரிவது தனக்கும் இலக்குக்கும் இடையிலான வேகம் மட்டும். யார் ஆடுகிறார் என்பது அதற்குத் தெரியாது. வினாடிக்கு 1 மி.மீ. வேகம் என்றால் திரும்பும் ஒளியின் அதிர்வெண் 3,160 ஹெர்ட்ஸ் மாறுகிறது. அந்த 1 மி.மீ. கம்ப்ரசர் உங்களை நோக்கி வந்ததா, நீங்கள் கம்ப்ரசரை நோக்கிப் போனீர்களா என்பதை ஒளி சொல்லாது.

சோதனை: மதியம் ஒளியை ஒரு கனமான கான்கிரீட் தூணின் மேல் திருப்புங்கள். 11 ஹெர்ட்ஸ் அங்கேயும் வந்தால், அது உங்கள் முக்காலியின் குரல்.

கரையோரம் | மே 16, மாலை 6:40

தூணில் வைத்தேன். 11 ஹெர்ட்ஸ் அப்படியே நிற்கிறது. 8 ஹெர்ட்ஸும் 0.2 அளவில் தெரிகிறது. தரை வழியாக வருவதாக நினைக்கிறேன்.

முடுக்கமானி | மே 16, இரவு 9:15

இங்கே என் கட்சிக்கும் ஒரு வேலை வந்துவிட்டது. அதிர்வுமானியின் தலையிலேயே ஒரு முடுக்கமானியை ஒட்டுங்கள். அதன் பதிவைத் தொகையிட்டு வேகமாக்கி, லேசர் வேகத்திலிருந்து கழியுங்கள். குறி கவனம்: தலை முன்னே போனால் லேசருக்கு எந்தக் குறி, முடுக்கமானிக்கு எந்தக் குறி என்று கையால் மெல்லத் தள்ளிப் பார்த்து உறுதி செய்யுங்கள். மலிவான தரவுப் பெட்டிகள் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஒரே மாற்றியை வைத்துக்கொண்டு வழிக்கு வழி தாவும். 10 மைக்ரோ வினாடித் தாமதம் 11 ஹெர்ட்ஸில் ஒன்றுமே இல்லை, 1,000 ஹெர்ட்ஸில் 3.6 பாகை ஆகிவிடும். தாழ் அதிர்வெண்ணில் மட்டும் கழித்தால் போதும்.

அதற்கு முன்னால் முக்காலியின் கால்களைக் குட்டையாக்கி, நடுவில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, வாசலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

என் முதல் கேள்வியை இன்னும் கைவிடவில்லை. ஆனால் கணக்குப் போட்டபோது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 8 ஹெர்ட்ஸில் 3 மி.மீ. வேகம் என்றால் முடுக்கம் 0.015 ஜி. என் வழக்கமான முடுக்கமானி அதற்கு 1.5 மில்லிவோல்ட் தரும். லேசர் 120 மில்லிவோல்ட் தருகிறது. மெதுவாகச் சுற்றும் இயந்திரத்தில் வேகத்தை நேராக அளப்பதன் பலன் இதுதான். ஆயினும் தினசரிக் கண்காணிப்புக்கு, உப்புக் காற்றில் ஐந்து வருடம் நிற்க வேண்டிய வேலைக்கு, நான் முடுக்கமானியைத்தான் பரிந்துரைப்பேன். லேசரை மூடி பெட்டியில் வையுங்கள், சிலிக்கா ஜெல்லோடு. இணைப்பான்களில் பச்சை படிந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அந்தப் பச்சையால் நான் ஒரு முழு மாதத் தரவை இழந்திருக்கிறேன்.

அலைப்பதிவு | மே 17, காலை 6:05

முடுக்கமானி நண்பர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் பெல்ட்டில் முடுக்கமானியை ஒட்ட முடியாது. லேசர் அதைச் செய்யும்.

கம்ப்ரசரை நிறுத்தும் நாளில், மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பெல்ட்டின் நடுவிலும் ஒளியை வைத்து விரலால் சுண்டுங்கள். வீணையின் தந்தியைச் சுண்டுவதைப் போலத்தான். ஒரே நீளம், ஒரே வகை பெல்ட் என்பதால் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்றபடி இருக்கும். நான்கும் ஒரே சுருதியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கருப்பு ரப்பர் ஒளியை விழுங்கும். சிறு துண்டு ஒளி திருப்பும் பட்டையை ஒட்டிக்கொள்ளுங்கள். ஈரக் காற்றில் பசை பிடிக்காது, துடைத்துவிட்டு ஒட்டுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

கண் விஷயம். இரண்டாம் வகை லேசர், 1 மில்லிவாட்டுக்குள் என்றால் இமைப்பது பொதுவாகக் காப்பாற்றும். ஆனால் பளபளப்பான புல்லியின் விளிம்பு ஒளியைத் திருப்பி அடிக்கும். மாணவர்களை ஒளியின் மட்டத்தில் உட்கார விடாதீர்கள்.

கரையோரம் | மே 24, இரவு 9:50

இன்று ஞாயிறு, கம்ப்ரசரை நிறுத்தினார்கள். மாணவர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். மூன்று பழைய பெல்ட்டுகளும் 9 ஹெர்ட்ஸ் அருகில். புதியது 13. வர்க்கத்தைப் பார்த்தால், புதிய ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு இழுவிசையைச் சுமக்கிறது. பழையவற்றில் ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பார்த்தபோது ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் கல்லைப் போல இறுகி, குறுக்கே வெடித்திருந்தது. அந்த இடம்தான் வினாடிக்கு 3.92 முறை சுற்றி வந்து, இரண்டு புல்லிகளிலும் இடித்திருக்கிறது.

பழைய பிட்டர் | மே 25, காலை 5:40

நான்கையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். ஒரே கட்டில் வந்தவையாக இருக்கட்டும். போட்டு ஓடவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி இழுத்துக் கட்டுங்கள். புது பெல்ட் நீளும். பழைய பெல்ட்டில் நல்லது ஒன்று இருக்கிறதே என்று எடுத்து வைக்கச் சொல்வார்கள். வைக்காதீர்கள், வெட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பொங்கலுக்கு அதே பெல்ட் திரும்ப ஏறும்.

நிரலி | மே 25, இரவு 10:05

அண்ணா, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடப் போகிறீர்கள். அதற்குள் நிரலில் ஒன்றைச் செய்துவிடுங்கள். வீச்சை நீங்கள் முன்பக்கப் பொத்தானால் மாற்றுவதாக எழுதியிருந்தீர்கள். ஒருநாள் 25-இல் எடுத்து, இன்னொரு நாள் 125-இல் எடுத்து, கோப்பில் அது பதியப்படாவிட்டால் ஐந்து மடங்கு பிழை. ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிக்கவே முடியாது. கருவியின் பின்னால் கணினியோடு இணைக்கும் தொடர்முனை இருந்தால் கணினியே வீச்சையும் வடிகட்டியையும் அமைக்கட்டும். அமைத்ததோடு விடாமல், கருவியிடம் திரும்பக் கேட்டு, அது சொன்ன பதிலைக் கோப்பின் தலையில் எழுதட்டும். திரும்பும் ஒளியின் வலிமைக்குத் தனி வெளியீடு இருக்கும்; அதை மூன்றாம் வழியில் பதியுங்கள். ஒளி மங்கிய கணங்களில் வேகப் பதிவு ஊசிகளாகத் துள்ளும். எந்த ஊசி இயந்திரத்துடையது, எந்த ஊசி ஒளி மங்கியதால் வந்தது என்று அப்போதுதான் பிரிக்க முடியும்.

பிற்பாடு சிறு கண்ணாடிகளை வைத்துப் பல புள்ளிகளைத் தானாக அளக்க விரும்பினால், வரிசை இதுதான்: கண்ணாடியைத் திருப்பு, அது ஆடி அடங்கும்வரை காத்திரு, ஒளியின் வலிமையைப் பார், குறைவாக இருந்தால் புள்ளியை ஒரு மயிரிழை நகர்த்து, பிறகு பதி. கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் ஒளி இரண்டு பாகை திரும்பும். ஒளி சாய்ந்து விழுந்தால் வேகம் குறைவாகத் தெரியும். 20 பாகைச் சாய்வில் 6 விழுக்காடு போய்விடும்.

கரையோரம் | ஜூன் 13, இரவு 11:20

நாளையோடு தடைக்காலம் முடிகிறது. கரையில் வலைகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனியில் இரண்டு கம்ப்ரசர்களும் ஓடுகின்றன.

நான்கு பெல்ட்டுகளும் ஒரே செட்டாக மாறிவிட்டன. சுண்டிப் பார்த்தபோது 12.4-க்கும் 12.7-க்கும் இடையில் நான்கும் நின்றன. பிட்டர் ஐயா சொன்னபடி இரண்டு நாள் கழித்து மறுபடி இழுத்துக் கட்டினோம். இன்றைய 60 வினாடிப் பதிவு: 8.00-இல் 2.8, 7.84-இல் 0.2. மூச்சு நின்றுவிட்டது. முக்காலி வாசலை விட்டு விலகி, மணல் மூட்டையோடு நிற்கிறது. கச்சான் அடித்த இன்றைய மதியத்திலும், தலையில் ஒட்டிய முடுக்கமானியின் பதிவைக் கழித்த பிறகு 11 ஹெர்ட்ஸ் தெரியவில்லை. மடிக்கணினியின் மின்னூட்டியைக் கழற்றி மின்கலத்தில் ஓட்டியபோது, மின் இணைப்பிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் கோடும் பெருமளவு குறைந்தது. தரையிணைப்பு வளையம் (இரண்டு இடத்தில் தரையிணைத்ததால் மின்னோட்டம் சுற்றும் பாதை) இருந்திருக்கிறது, அதையும் சரி செய்கிறேன்.

மோட்டார் பேரிங் கூட்டில் 24 ஹெர்ட்ஸில் 1.1 இன்னும் நிற்கிறது. அடிப்பலகையின் ஒரு போல்ட் அருகே உப்பரித்துப் போயிருக்கிறது. அடுத்த ஞாயிறு அங்கே நான்கு மூலைகளிலும் அளப்போம்.

பழைய பிட்டர் | ஜூன் 14, காலை 5:35

அளப்பதற்கு முன்னால் போல்ட்டை முறுக்காதீர்கள் தம்பி. முதலில் இருக்கிறபடியே அளந்து வையுங்கள். பிறகு நானும் வருகிறேன், என் திருப்புளியோடு.